காலில் விழுந்த சமாதானம்

காளியாயிக்குக் கோபம் வந்தால் கங்காணியே இரண்டு தேயிலை நிரை தள்ளித்தான் நிற்பார் என்று லய வீடுகளில் கேலி பேசுவார்கள். கேலி என்றாலும் அதில் பொய் கிடையாது. வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கும் பெண்களில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் யாரும் இல்லை. ஆனால் அன்று மத்தியானம் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு இறங்கி வந்தவளுக்கு, தண்ணீர் கொட்டும் பீலியடியில் தன் மகள் லெட்சுமி குனிந்து நிற்பதைக் கண்டபோது வாய் வரவில்லை. பீலித் தண்ணீர் அவள் கழுத்தில் விழுந்து சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. இடது காதிலிருந்து வழிந்த இரத்தம் சட்டைக்குள் இறங்கியிருந்தது.

"யாருடி?"

"அழகுமுத்து."

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அழகுமுத்து, கங்காணி பழனியாண்டியின் மகன். பள்ளிக்கூடத்தின் சட்டாம்பிள்ளையும் அவன்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்தை நினைத்தாலே வயிறு எரியும். கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவுக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகை. ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே வாத்தியார், யாழ்ப்பாணத்துக் குணரத்தினம் மாஸ்டர். துரை ஆள் அனுப்பினால் அவர் பாடத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஆபீசுக்கு, வேலையாட்களின் பேர்க்கணக்கான செக்ரோல் எழுத ஓடவேண்டும். ஓடும்போது தன் கொய்யாக்கம்பைச் சட்டாம்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போவார். பதினான்கு வயதாகியும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத, கங்காணி மகன் என்ற மிதப்பில் வளர்ந்த ஒருவனிடம் கம்பைக் கொடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. சின்னப் பிள்ளைகள் எழுதப் பழகுவதற்கு முன்பே சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளப் பழகினார்கள். பெற்றவர்கள் அதைக் கண்டும் காணாமல் இருந்தார்கள். படிக்கப் போனால் அடி வாங்கத்தான் வேண்டும் என்று காளியாயியே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

அன்று நடந்தது இவ்வளவுதான். மாஸ்டர் இல்லாத நேரத்தில் அழகுமுத்து கம்பை ஆட்டிக்கொண்டே பதினாறாம் வாய்ப்பாடு சொன்னான். ஏழுக்கு வந்ததும் தடுமாறித் தப்பாகச் சொன்னான். லெட்சுமி உட்கார்ந்த இடத்திலிருந்தே "நூத்திப் பன்னெண்டு" என்றாள். கொட்டகை முழுக்கச் சிரித்தது. அவன் கம்பைத் திருப்பி, அடிப்பக்கத் தடிப்பால் காதோடு சேர்த்து ஒரே வீச்சு வீசினான்.

ஈரத் தலையைத் துடைத்துவிட்ட தாயிடம் லெட்சுமி சொன்னாள், "இனிமே நான் பள்ளிக்கூடம் போகமாட்டேம்மா. பெரட்டுக்களத்துல பேர் பதிஞ்சு வுட்டுரு. ஒன்னோட மலைக்கே வர்றேன்."

காளியாயிக்கு அடி விழுந்த இடம் அதுதான். இந்த வருசம் ஐந்தாம் வகுப்பு முடிந்தால் லெட்சுமியை லிந்துலை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று அவள் முடிவு பண்ணி வைத்திருந்தாள். தன் தாய் அட்டைக்கடியோடு மலையேறினாள், தானும் ஏறினாள். மகள் முதுகிலும் கூடை ஏறக்கூடாது என்பது அவளுடைய ஒரே பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தை ஒரு கொய்யாக்கம்பு முறிப்பதா?

இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் மகளை இழுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனாள்.

"மாஸ்டர், எம்புள்ள காதப் பாருங்க."

அவர் பார்த்தார். முகம் சுருங்கியது. அவர் கெட்ட மனிதர் இல்லை என்பதுதான் இதில் பெரிய எரிச்சல். கெட்டவராக இருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"கெதியா டிஸ்பென்சரிட்டைக் கொண்டுபோய்க் காட்டு. பிள்ளையள் எண்டால் சண்டை பிடிப்பினம்தான். ரெண்டு பக்கத்திலயும் பிழை இருக்கும். இவளும் வாய் காட்டியிருப்பாள்."

"சண்டையா? சண்டைன்னா ரெண்டு பேரும் அடிச்சிக்கிறதுங்க மாஸ்டர். இவ கையில இருந்தது சிலேட்டுக்குச்சி. அவங்கையில இருந்தது நீங்க குடுத்த கம்பு. இதுக்குப் பேரு சண்டையா?"

"இஞ்ச பாரம்மா, நான் ஒருத்தன், அஞ்சு வகுப்பு. துரை கூப்பிட்டால் கந்தோருக்கும் ஓடவேணும். ஒருத்தன்ரை கையில கம்பைக் குடுக்காட்டி இது பள்ளிக்கூடமாவே இருக்கும்?"

காளியாயி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். டிஸ்பென்சர் காதில் பஞ்சை அடைத்து, இரத்தம் நின்றுவிட்டது, தானாகச் சரியாகிவிடும் என்று அனுப்பிவைத்தார். வீட்டில் அவள் புருசன் மாயாண்டி விசயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தான்.

"கங்காணி வீட்டோட மோதுனா நமக்குத்தான், புள்ள, அரைப்பேர் வுழும். வுட்டுரு."

முழுநாள் வேலைக்கு அரைநாள் கணக்குப் போடுவதுதான் அரைப்பேர். மாயாண்டி சொன்னது பலிக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. காளியாயி மாஸ்டரிடம் போன கதை கங்காணியின் காதுக்குப் போய்விட்டது. மறுநாளே அவள் கூடையைக் கிளறி, முத்தல் இலை கலந்திருக்கிறது என்று அரைப்பேர் போட்டார். முத்தல் இலையாம்! கண்ணைக் கட்டிவிட்டாலும் இரண்டிலையும் மொட்டுமாகக் கிள்ளுகிற கை அது. அதோடு அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போனது. கூடையை அங்கேயே போட்டுவிட்டு நேராகச் சங்கத் தலைவர் செல்லசாமியின் லயக் காம்பரா வாசலுக்குப் போய் நின்றாள்.

"கோயில்ல கூட்டுங்க தலைவரே. எனக்கு நியாயம் வேணும்."

அரசாங்கம் பிரஜாவுரிமையைப் பிடுங்கி ஓட்டையும் பிடுங்கிக்கொண்ட பிறகு, அந்தச் சனத்துக்கென்று மிஞ்சியிருந்த ஒரே நியாயக் கச்சேரி மாரியம்மன் கோயில் வாசல்தான். அங்கே கூப்பிட்டால் கங்காணியானாலும் வந்துதான் ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோட்டமே கூடியது. ஆண்கள் உட்கார்ந்தார்கள், மாஸ்டரும் ஓரமாக உட்கார்ந்தார், பெண்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். காதில் பஞ்சோடு லெட்சுமி தாயின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். பழனியாண்டி தலைப்பாகையும் கோட்டுமாக மகனை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார்.

"காளியாயி, ஒனக்கு என்னா வேணும்னு சொல்லு" என்றார் செல்லசாமி.

"அவன் இந்த எடத்துல, எல்லாரு முன்னாடியும் எங்கால்ல வுழணும்."

தோட்டத்தில் வழக்கமும் அதுதான். பிள்ளை செய்த குற்றத்துக்குப் பிள்ளையைப் பெற்றவர் காலில் விழுவார்கள். மூத்தவன் இளையவள் காலில் விழுந்தால் ஆயுசு குறையும் என்று ஒரு பேச்சு வேறு உண்டு. அதனால் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. தலைவர் தலையாட்டுவதற்குள் பழனியாண்டி எழுந்துவிட்டார். அதே கொய்யாக்கம்பை எப்படியோ கையோடு கொண்டுவந்திருந்தார்.

"எம் மானத்த வாங்கிப்புட்டியேடா, நாயே!"

அடித்தார். முதுகில், காலில், கையில், பார்க்கிற இடத்தில் எல்லாம் அடித்தார். லெட்சுமியின் காதுக்காக அந்த அடி விழவில்லை, கோட்டுப் போட்ட மானத்துக்காக விழுந்தது என்பது அங்கே இருந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அழகுமுத்து கத்தவில்லை. ஓடவும் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பல்லைக் கிட்டித்துக்கொண்டு, எப்படி நின்றால் வலி குறையும் என்று தெரிந்தவனாக நின்றான். அந்த நிற்பு காளியாயியின் மனதில் எங்கோ குத்தியது. ஆனால் அவள் அப்போது ஜெயித்துக்கொண்டிருந்தாள். ஜெயிக்கிற நேரத்தில் யார் அதையெல்லாம் யோசிக்கிறார்கள்?

பையன் வந்து அவள் காலில் விழுந்தான். செல்லசாமி இரண்டு பேருக்கும் திருநீறு பூசினார். கங்காணி வீட்டு வெற்றிலைத் தட்டு காளியாயியின் முன்னால் நீண்டது. அவள் எடுத்துப் போட்டுக்கொண்டாள். சமாதானம் ஆகிவிட்டது என்று தலைவர் கற்பூரத்தைக் கொளுத்தினார். சனம் கலைந்தது. அன்றைக்குக் காளியாயி தேங்காய் திருகிப் போட்டு ரொட்டி சுட்டாள். கங்காணி மகனைக் காலில் விழவைத்தவள் என்று பக்கத்துக் காம்பராப் பெண்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

திங்கட்கிழமை காலையில் அந்தப் பெருமை அடுப்பங்கரையில் வைத்தே உடைந்தது.

வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்படிக்கிற சத்தம் கேட்டு மாயாண்டி போய்விட்டான். காளியாயி தலையை முடிந்துகொண்டே, "லெட்சுமி, சட்டையப் போடு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றாள். லெட்சுமி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈர விறகு சடசடத்தது. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அப்போதும் பதில் இல்லை. இந்த நாலைந்து நாளாக இதே பிடிவாதம்தான். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"ஊரக் கூட்டி நியாயம் வாங்கிக் குடுத்துருக்கேன், ஒனக்கு இன்னும் என்னாடி திமிரு?"

கை ஓங்கிவிட்டது. நிழலைப் பார்த்துத் திரும்பிய லெட்சுமி சட்டென்று வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். முகத்தை மறைக்கவில்லை, அடிபட்ட காதையும் மறைக்கவில்லை. நல்ல காதைத்தான் பொத்தினாள். காளியாயியின் கை அந்தரத்திலேயே நின்றது.

"அவன் ஒங்கால்லதானம்மா வுழுந்தான்" என்றாள் லெட்சுமி. கண்ணில் தண்ணீர் இல்லை. "அடிபட்டது நானு. நானும் அங்கதான் நின்னேன். அம்புட்டுப் பேர்ல ஒருத்தராச்சும் என்னப் பாத்து ஒரு வார்த்த பேசுனீங்களா? ஒனக்கும் கங்காணிக்கும்தான் சமாதானம். அவங்க அப்பா அடிச்சதெல்லாம் இனி யாரு மேல எறங்கும்? கம்பு திரும்பவும் மாஸ்டர் மேசைக்குத்தான போகும்?"

காளியாயி அடுப்பு முன்னாலேயே குந்திவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் இந்தத் தடவை அது வந்த திசையே வேறு. தலைவர் மேல், திருநீறு மேல், மென்று துப்பிய அந்த வெற்றிலை மேல் வந்தது. எல்லாரையும் விடத் தன் மேலேயே வந்தது. மகளின் காதுக்கு நியாயம் கேட்கப் போய், காலைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாளே! கங்காணி மானத்துக்காக அடித்தார் என்றால், இவள் மட்டும் எதற்காக நின்றாளாம்?

அன்று ஒரு நாள் கூலிப் பேர் போனாலும் போகட்டும் என்று வேலைக்குப் போகவில்லை. கொட்டகைக்குள் மகளோடு நுழைந்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் மழை இரைந்தது. மாஸ்டர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். அழகுமுத்து பின் சுவரோரம் கம்போடு நின்றான். அவன் கெண்டைக்காலில் நேற்றைய அடித்தடங்கள் தடித்துக் கிடந்தன. கம்பு மட்டும் அதே கம்பு. நேற்று அவனை அடித்த கம்பை இன்று அவன் கையிலேயே கொடுத்திருக்கிறார்களே என்று காளியாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னம்மா திரும்பவும்? கோயில்ல பேசி முடிச்சதுதானே?"

"முடியல மாஸ்டர். பெரியவங்க நாங்க எங்க மானத்தப் பேசி முடிச்சோம். புள்ளைங்க வெவகாரத்த யாரும் பேசல." அவள் குரல் மழைக்கு மேல் எழுந்தது. "நாங்க கொழுந்து மலையில அடிச்சிக்கிட்டா, ரெண்டு பேரும் கூடைய எறக்கி வச்சாத்தான் பேச்சு. கூடையோட நிக்கிறவள நம்பி எவளும் பேசமாட்டா. கையில இருக்குறத எறக்கி வச்சிட்டு, ரெண்டு பேரும் அவங்கவங்க வாயால சொல்லணும். ஒருத்தி சொல்லி முடிக்கிறவரைக்கும் மத்தவ வாயத் தொறக்கக்கூடாது. படிக்காத பொம்பளைங்க நாங்களே அப்பிடித்தான் முடிச்சிக்கிறோம். அத இங்கயும் செய்ங்க. முடியாதுன்னா நான் இந்த வாசல்லயே ஒக்காந்திருவேன், துரை வரட்டும்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பையனின் காலைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"கம்பைக் கொண்டுவந்து மேசையில வை" என்றார். "ரெண்டு பேரும் முன்னுக்கு வாங்கோ. லெட்சுமி, நீ சொல்லு."

லெட்சுமி சொன்னாள். வாய்ப்பாட்டைத் திருத்தியதை, எல்லாரும் சிரித்ததை, கம்பின் தடித்த பக்கம் வந்ததைச் சொன்னாள். "எனக்கு இங்க வரப் பயமா இருக்கு" என்று முடித்தாள். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த முன்வரிசைப் பிள்ளை ஒன்று, "எனக்குந்தான்" என்றது. அதன் பிறகு இன்னொன்று. மாஸ்டர் அதட்டவில்லை.

அழகுமுத்துவின் முறை வந்தது. அவன் மாஸ்டரைப் பார்த்துத்தான் பேசினான்.

"கொட்டகையில சத்தம் வந்தா அப்பாகிட்ட சொல்லுவேன்னு நீங்கதான மாஸ்டர் சொன்னீங்க? அப்பாகிட்ட சொன்னா என்னா நடக்கும்னு நேத்து பாத்தீங்கதான? அவ சரியாச் சொன்னா, எல்லாரும் சிரிச்சாங்க, சத்தம் வந்துருச்சி. அதுதான் அடிச்சேன்."

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கம்பு எங்கிருந்து புறப்பட்டது என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. தெரியட்டும், நன்றாகத் தெரியட்டும் என்றுதான் காளியாயிக்குத் தோன்றியது. படித்தவர் அல்லவா?

"லெட்சுமி, நீ என்ன விரும்புறாய்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அவன் கால்ல எல்லாம் வுழ வேணாம். மாஸ்டர்கிட்ட சொன்னத எங்கிட்ட சொல்லட்டும். கம்ப இனிமே யாருகிட்டயும் குடுக்காதீங்க. சத்தம் வந்தா வந்துட்டுப் போகட்டும்."

அழகுமுத்து நகர்ந்து அவளுக்கு இடப்பக்கமாக வந்து நின்றான். உதட்டை ஈரமாக்கிக்கொண்டான். "நான் தப்பாச் சொன்னேன், நீ சரியாச் சொன்ன" என்று தணிந்த குரலில் தொடங்கினான். "எனக்கு வெக்கமாப் போச்சி. அப்பா நெனப்பும் வந்துருச்சி. காதுல வுழும்னு நெனைக்கல. தெரியாம இல்ல, வேணும்னுதான் அடிச்சேன். இனி அடிக்கமாட்டேன்." சொல்லச் சொல்ல அவன் மூக்கு ஒழுகியது. அப்பன் அடித்தபோது வராத அழுகை இப்போது வந்தது.

லெட்சுமி நேராகக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அவன் சொல்லி முடித்துவிட்டு நின்றான். அவள் அப்படியே நின்றாள்.

மாஸ்டருக்குப் பொறுமை போனது. "எடி பிள்ளை, அவன் அழுது கொண்டு நிக்கிறான். ஒரு சொல்லுச் சொல்லன்!"

லெட்சுமி மாஸ்டரைக் குழப்பத்தோடு பார்த்தாள்.

"அவன் பேச ஆரம்பிச்சிட்டானா மாஸ்டர்?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் எழுந்தார். காளியாயிக்கு ஈர விறகு சடசடத்த அடுப்பங்கரை நினைவுக்கு வந்தது. மகளின் இடப்பக்கமாக நின்று நாலைந்து நாளாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திட்டியது, ஓங்கிய கை, நல்ல காதைப் பொத்திய அந்தச் சின்ன உள்ளங்கை எல்லாம் இப்போதுதான் புரிந்தன.

முதலில் அசைந்தவன் அழகுமுத்துதான். தான் அடித்த பக்கத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவளைச் சுற்றி நடந்து வலப்பக்கம் வந்து நின்று, சொன்னதை எல்லாம் முதலிலிருந்து மறுபடியும் சொன்னான். இந்தத் தடவை விக்கி விக்கித்தான் சொல்ல முடிந்தது. லெட்சுமி கடைசி வரைக்கும் கேட்டாள்.

"சரி" என்றாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லும்படி காளியாயியும் தூண்டவில்லை. லெட்சுமி தன் சிலேட்டை எடுத்துக்கொண்டு இடது ஓரத்துக்குப் போய், வலது காது மாஸ்டர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தாள்.

காளியாயி அவள் பக்கத்தில், சரியான பக்கத்தில், குனிந்தாள்.

"ஏன்டி, எங்கிட்ட சொல்லலையேடி?"

"நீ எங்க என்னைச் சொல்ல வுட்ட?" என்றாள் லெட்சுமி, சிலேட்டைத் துடைத்துக்கொண்டே.

காளியாயி நிமிர்ந்தாள். மேசையில் கிடந்த கொய்யாக்கம்பை எடுத்து முழங்காலில் வைத்து முறித்தாள். மழையில் இறங்கி நடந்தாள், நேரே கொழுந்து மலைக்கு. கங்காணி குடையைச் சாய்த்துக்கொண்டு, "இப்ப வந்து என்னா? ஒனக்கு இன்னிக்குப் பேர் இல்ல" என்றார்.

"பேர் கெடக்கட்டும்" என்றாள் காளியாயி, முறிந்த கம்பை அவர் காலடியில் போட்டு. "எம்புள்ளைக்கு ஒரு காது போயிருச்சி. ஒங்க புள்ள பேசினா கேக்க வீட்டுல ஒரு காதாச்சும் இருக்கா, கங்காணி?"